கடலிடம் கந்துவட்டிக்கு வாங்கிய தண்டவாளம்

1843 ஏப்ரல் மாதம், லண்டன். ஊரே வணக்கம் வைக்கிற ஒரு பெரிய மனிதர், குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து மேஜிக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஐட்டம் ஒன்றும் புதிதில்லை. தங்கக் காசை வாயில் போட்டுக் காது வழியாக எடுப்பது. நம் வீட்டு விசேஷங்களில் ஏதாவது ஒரு சித்தப்பா செய்வாரே, அதேதான். வாயில் போடுகிற பாகம் பிரமாதமாக அமைந்தது. காது வழியாக எடுக்கிற பாகத்தில்தான் சின்னச் சறுக்கல். காசு நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

வித்தைக்காரரின் பெயர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல். பெயரிலேயே ஒரு சாம்ராஜ்யத்தை வைத்திருக்கிறாரே என்று மிரள வேண்டாம். ‘கிங்டம்’ என்பது அவருடைய அம்மா பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். ஆனால் மிரள வேறு காரணங்கள் உண்டு. பாலம், கப்பல், குகைப்பாதை, ரயில் என்று எதைத் தொட்டாலும் உலகத்திலேயே பெரியதாகத் தொடுகிற இன்ஜினீயர் அவர். 2002-இல் பிபிசி, ‘பிரிட்டிஷ்காரர்களில் மகா பெரியவர் யார்?’ என்று மக்களிடம் ஓட்டுக் கேட்டது. சர்ச்சிலுக்கு அடுத்த இடம் இவருக்கு. ஷேக்ஸ்பியரும் நியூட்டனும் இவருக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றார்கள்.

ஆள் கொஞ்சம் குள்ளம். அந்தக் குறையை, ரயில் இன்ஜின் புகைபோக்கி மாதிரி ஓர் உயரமான தொப்பி தீர்த்துவைத்தது. புகை இல்லாமல் புகைபோக்கி எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, வாயில் எப்போதும் சுருட்டு.

காசு விஷயத்துக்கு வருவோம். ஆறு வாரம் உள்ளேயே இருந்தது. நாட்டிலேயே பேர்போன டாக்டர்கள் தொண்டையைத் திறந்து இடுக்கி விட்டுத் துழாவினார்கள். காசு மசியவில்லை. இன்ஜினீயர் சும்மா படுத்திருப்பாரா? தனக்கென்று ஒரு மிஷின் டிசைன் செய்தார். நடுவில் அச்சு வைத்த ஒரு பலகை. அதில் தன்னைக் கட்டச் சொல்லி, தலைகீழாகக் கவிழ்த்து, முதுகில் தட்டச் சொன்னார். திருப்பதி உண்டியல் நிரம்பியதும் வீட்டில் கவிழ்த்துக் குலுக்குவோமே, அதே டெக்னாலஜி. மே 13-ஆம் தேதி ‘டிங்’!

மெக்காலே தெரியும்தானே? ஊட்டிக் குளிரில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்துவிட்டு நமக்கெல்லாம் ஆங்கிலப் படிப்பும் தண்டனைச் சட்டமும் தந்துவிட்டுப் போனாரே, அவரேதான். அவர் லண்டனில் தன் கிளப்புக்குள் “வெளியே வந்துடுச்சு!” என்று கத்திக்கொண்டே ஓடினாராம். எது வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பேப்பர் படிக்கிற ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ரயிலைப் பற்றிச் சொல்ல வந்தவன் தொண்டையைப் பற்றிப் பேசுகிறேனே என்று பார்க்கிறீர்களா? காரணம் இருக்கிறது. குழாயில் காற்று போக வழியில்லாவிட்டால் என்ன பாடு என்று ஆறு வாரம் அனுபவித்த இதே மனிதர், அடுத்த வருஷமே, குழாயையும் காற்றையும் மட்டும் நம்பி ஒரு முழு ரயில்வேயைக் கட்டக் கிளம்பினார். அதையும் கடலோரத்தில்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்று ஒரு மாவட்டம். அங்கே எக்ஸிடரிலிருந்து பிளிமத்துக்கு ரயில் விட சவுத் டெவன் ரயில்வே என்ற கம்பெனி ஆசைப்பட்டது. இன்ஜினீயர் நம் தலைவர். மேப்பை விரித்துப் பார்த்தால் நடுவில் குன்றுகள். குன்றை வெட்டினால் செலவு, சுற்றினால் தூரம். சமதளம் எங்கே இருக்கிறது என்று தேடினார். கடல் மட்டத்தைவிடச் சமமான மட்டம் உலகத்தில் வேறு எது? ‘போடு, கடலோரமாகவே போடு’ என்றுவிட்டார்.

கடலோரம் என்றால் நாம் நினைக்கிற மாதிரி மெரினா அளவுக்கு மணல் விட்டு, ரோடு விட்டு, சுண்டல் கடை விட்டு, அப்புறம் தண்டவாளம் இல்லை. ஒரு பக்கம் செங்குத்தான செம்மண் நிறப் பாறை. மறு பக்கம் கடல். நடுவே ஒரு கல்சுவரைக் கட்டி, அதன் முதுகில் தண்டவாளம். பாறை முட்டுகிற இடங்களில் ஐந்து குகைப்பாதைகள். டாலிஷ் என்ற ஊரைத் தொட்டு டெயின்மவுத் வரைக்கும் அலை ஜன்னலில் எட்டிப் பார்த்து டிக்கெட் கேட்கும். (டெயின்மவுத் என்று எழுதிவிட்டு ‘டின்மத்’ என்று படிக்க வேண்டும். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கியவர்கள் சொந்த ஊரை மட்டும் விட்டுவைப்பார்களா?)

நிலம் வாங்குகிற செலவு மிச்சம். மலை வெட்டுகிற செலவு மிச்சம். கணக்குப் போட்டுப் பார்த்த டைரக்டர்கள் பூரித்துப்போனார்கள். அந்த மிச்சம் எல்லாம் கடலிடம் வாங்கிய கடன் என்பதும், கடலுக்கு வட்டி கணக்கெழுதும் வழக்கம் உண்டு என்பதும் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கடலின் வட்டி இருக்கட்டும். காற்றின் கதையை முதலில் முடித்துவிடுவோம், அது சீக்கிரம் முடிகிற கதை.

புரூனெலின் வாதம் இதுதான். ரயில் இன்ஜின் என்ன செய்கிறது? பெட்டிகளை இழுக்கிறது. கூடவே தன் உடம்பையும், தனக்கான கரியையும், தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறது. சமையல்காரர் கல்யாண மண்டபத்துக்கு அடுப்பை மட்டும் எடுத்துவராமல் அடுப்படியையே பெயர்த்துக்கொண்டு வருவது மாதிரி. இன்ஜினைத் தரையில் ஓர் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, அதன் சக்தியை மட்டும் ரயிலுக்கு அனுப்பினால் என்ன?

சிரிக்காதீர்கள். இது அபாரமான யோசனை. இன்றைக்கு நம் மின்சார ரயில் ஓடுவது இதே தத்துவத்தில்தான். பவர் ஹவுஸ் எங்கேயோ இருக்கிறது, ரயில் இங்கே ஓடுகிறது. யோசனை சரி. சக்தியை எதன் வழியாக அனுப்புவது என்று தேர்ந்தெடுத்ததில்தான் தலைவர் கோட்டைவிட்டார்.

தண்டவாளங்களுக்கு நடுவே முழு நீளத்துக்கும் ஒரு இரும்புக் குழாய். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனோடு முதல் பெட்டியை இணைத்துவிடுவது. மூன்று மைலுக்கு ஒரு பம்ப் ஹவுஸ் கட்டி, ரயிலுக்கு முன்னால் உள்ள காற்றைக் குழாயிலிருந்து உறிஞ்சிவிடுவது. முன்னால் வெற்றிடம், பின்னால் காற்று. காற்று பிஸ்டனைத் தள்ள, ரயில் ஓடும். ஸ்ட்ராவில் உறிஞ்சினால் இளநீர் மேலே வருகிறதே, அந்த இளநீர்தான் பயணிகள்.

ஒரே ஒரு சிக்கல். பிஸ்டன் குழாய்க்குள், பெட்டி வெளியே. இரண்டையும் இணைக்கிற கை வேண்டுமே? அதற்காகக் குழாயின் மேல்பக்கம் நெடுக ஒரு கீறல். கீறலை மூட, நெடுக ஒரு தோல் பட்டை. கை வரும்போது தோல் தூக்கிக்கொள்ள வேண்டும், போனதும் படிந்து மூடிக்கொள்ள வேண்டும், காற்று துளிகூடக் கசியக் கூடாது. ஆகக்கூடி, எக்ஸிடரிலிருந்து நியூட்டன் என்ற ஊர் வரை 20 மைல் நீளத்துக்கு ஒரு குக்கர் கேஸ்கட்!

இரண்டு அடி சுற்றளவுள்ள கேஸ்கட்டை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் காலை எட்டு மணிக்கு நடக்கிற போராட்டம் உங்களுக்குத் தெரியும். புரூனெல் வீட்டில் அவர் சமைத்ததாகத் தகவல் இல்லை.

எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ரயிலின் தந்தை என்று பெயரெடுத்த ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் இதெல்லாம் ஏமாற்று வேலை என்றார். அவர் மகன் ராபர்ட் முறைப்படி சோதித்து, கட்டுப்படியாகாது என்று ரிப்போர்ட்டே எழுதினார். புரூனெலிடமே வேலை பார்த்த டேனியல் கூச், தன் முதலாளிக்கு எப்படி இந்த மயக்கம் வந்தது என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் அயர்லாந்தில், டப்ளினுக்குப் பக்கத்தில், டால்கி என்ற இடத்தில் இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்துக்கு இதே மாதிரி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பிஸ்டன் வண்டியோடு மற்ற பெட்டிகளை மாட்ட மறந்துபோக, அதில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன் தன்னந்தனியாக மணிக்கு 84 மைல் வேகத்தில் பறந்தானாம். டைரக்டர்கள் காதில் விழுந்தது இந்தக் கதைதான். வண்டி ஸ்டேஷனுக்கு எட்டாமல் நின்றுவிட்டால் மூன்றாம் வகுப்புப் பயணிகளை இறங்கித் தள்ளச் சொல்வார்கள் என்கிற இன்னொரு டால்கி கதை அவர்கள் காதில் விழவில்லை.

1847 செப்டம்பரில் காற்று ரயில் பயணிகளோடு ஓட ஆரம்பித்தது. ஓடியபோது சொர்க்கம்தான், மறுப்பதற்கில்லை. புகை கிடையாது. கரித்தூள் கண்ணில் விழாது. சத்தம் இல்லை. மணிக்கு 60 மைலுக்கு மேல்கூடப் போயிருக்கிறது. பம்ப் ஹவுஸ்களின் புகைபோக்கிகளைக்கூட இத்தாலியச் சர்ச் கோபுரம் மாதிரி கட்டிவைத்தார் புரூனெல். தொப்பி புகைபோக்கி மாதிரி இருக்கலாமாம். புகைபோக்கி புகைபோக்கி மாதிரி இருந்தால் கௌரவக் குறைச்சலாம்!

அப்புறம் குளிர் வந்தது. தோல் விறைத்துக் கட்டையாகிவிட்டது. வெயில் வந்தது. தோல் காய்ந்து வெடித்தது. தோலை மிருதுவாக வைக்க எண்ணெயும் கொழுப்பும் தடவ வேண்டும்; குழாய் நெடுக ஆட்கள் தடவிக்கொண்டே நடந்தார்கள். காற்று மட்டும் கிடைத்த சந்துகளில் எல்லாம் உள்ளே நுழைந்துகொண்டே இருந்தது. இதோடு, ரயில் கிளம்பிவிட்டதா என்று அடுத்த பம்ப் ஹவுஸுக்குச் சொல்ல முதலில் தந்தி வசதி கிடையாது. டைம்டேபிள் பார்த்து பம்ப் ஓட்டினார்கள். ரயில் லேட்டானால், வராத ரயிலுக்காக மாங்கு மாங்கென்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ரயில் டைம்டேபிள்படி வரும் என்று நம்பியதுதான் இந்தக் கதையிலேயே பெரிய மூடநம்பிக்கை.

கொழுப்பு வாசனைக்கு எலிகள் படையெடுத்துத் தோலைத் தின்றுவிட்டன என்று இன்றும் டெவனில் கதை சொல்வார்கள். அந்தக் காலத்து ஆவணங்களில் தேடினால் ஒரு எலி வால்கூட அகப்படாது. இத்தனை பெரிய மனிதரைத் தோல் பட்டை கவிழ்த்தது என்று சொல்ல ஊருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. எலி என்றால் கொஞ்சம் கௌரவம்.

1848 செப்டம்பரில், முதல் பிறந்த நாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போதே காற்று ரயில் கண்ணை மூடியது. 4 லட்சம் பவுண்டுக்கு மேல் போச்சு. புரூனெலிடம் ஒரு நல்ல குணம்: தோற்றால் மழுப்ப மாட்டார். நிறுத்திவிடலாம் என்று டைரக்டர்களுக்கு ரிப்போர்ட் எழுதியவரும் அவரேதான். மூச்சுக்குழாயில் சிக்கியதைத் தலைகீழாகத் தொங்கியாவது வெளியே எடுத்துவிடுகிற ஆள்!

இதில் ஓர் உபகதை. காற்று ரயில் எந்த மேட்டையும் ஏறிவிடும் என்ற நம்பிக்கையில், நியூட்டனைத் தாண்டிப் பிளிமத் வரைக்குமான பாதையில் மேடுகளைப் புரூனெல் பெரிதாக வெட்டிக் குறைக்கவில்லை. காற்று போய்விட்டது, மேடுகள் அப்படியே இருக்கின்றன. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல், நீராவி இன்ஜின்கள் அந்த ஏற்றங்களில் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஏறின. ஒருவர் நம்பிய காற்றை இன்னொருவர் வாங்க வேண்டியதாயிற்று.

சரி, இப்போது கடல்.

காற்று ஒரே வருஷத்தில் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டது. கடல் நிதானமான பார்ட்டி. 1846 மே 30-ஆம் தேதி டெயின்மவுத் வரை பாதை திறந்தார்கள். காற்றுக் குழாய் இன்னும் தயாராகாததால் அப்போது ஓடியது சாதா நீராவி இன்ஜின். கடல் கோடை முழுக்கச் சமர்த்தாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த தினுசில் வந்து வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. இலையுதிர் காலம் வந்ததும் முதல் தவணை வட்டிக்கு ஆள் அனுப்பியது. புயல், அலை, சுவரில் உடைப்பு. கடை திறந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை.

கடல் சுவரை இடிப்பது எப்படி தெரியுமா? சினிமாவில் வருவது மாதிரி ஒரே அலை, ஒரே அறை, சுவர் காலி என்று நடக்காது. கடல் அதைவிடப் பொறுமைசாலி, அதைவிடத் தந்திரசாலி. முதலில் சுவரின் காலடி மணலை உருவும். மணல் இறங்க இறங்க அலைக்கு உயரம் கூடும், அடி பலமாகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எங்காவது பூச்சு உதிர்ந்திருந்தால் அங்கே விரலை விட்டு நோண்டும். சுவருக்குப் பின்னால் நிரப்பிய மண்ணைக் கரைத்து வெளியே இழுக்கும். மண் போனால் ஜல்லி சரியும். ஜல்லி சரிந்தால் ஸ்லீப்பர் கட்டைகளுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. கடைசியில் பார்த்தால், தண்டவாளம் மட்டும் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், மொட்டை மாடிக் கொடிக்கயிறு மாதிரி. துணி காயப்போடாத குறை.

1855-இல் டெயின்மவுத் பக்கம் பெரிய உடைப்பு. ரயில் உடைப்பு வரை வந்து நிற்கும். பயணிகள் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு அந்தப் பக்கம் நடந்து போய், அங்கே தயாராக நிற்கும் இன்னொரு ரயிலில் ஏற வேண்டும். ஜங்ஷனில் ரயில் மாறுவோம், தெரியும். இவர்கள் ஓட்டையில் ரயில் மாறினார்கள். நீண்ட பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விக்டோரியா காலத்துச் சீமாட்டிகள் ஈரப் பாறையோரம் நடந்துபோகும் காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். முதல் வகுப்போ மூன்றாம் வகுப்போ, கடல் எல்லோரையும் ஒரே வகுப்பில் நடத்தியது.

1859 செப்டம்பரில் புரூனெல் காலமானார். வயது 53. அடுத்த மாதமே ஒரு ராட்சசப் புயல் வந்து அவருடைய சுவரைப் பதம் பார்த்தது. துக்கம் விசாரிக்க வந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் தேதி வாரியாகச் சொல்லிக்கொண்டு போனால் பள்ளிக்கூட வரலாறு ஆகிவிடும். சுருக்கமாக: கடல் உடைக்கும், கம்பெனி கட்டும். கடல் ஓய்ந்தால் பாறை சரியும், கம்பெனி வாரும். சவுத் டெவன் கம்பெனி 1876-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயோடு சேர்ந்துவிட்டது. கடல் கவலைப்படவில்லை. கடனாளி பெயர் மாறினால் வட்டிக்காரருக்கு என்ன?

இத்தனை அடி வாங்கியும் ஏன் பாதையை உள்ளே தள்ளிப் போடவில்லை? நியாயமான கேள்வி. போட முடிவு செய்தார்கள். கிரேட் வெஸ்டர்ன்காரர்கள் யோசித்து யோசித்து, 1937-இல் டாலிஷைச் சுற்றிக்கொண்டு நிலத்துக்குள்ளேயே போகிற மாற்றுப் பாதைக்குப் பார்லிமென்ட்டில் அனுமதி வாங்கிவிட்டார்கள். சர்வே எல்லாம் ஆரம்பமானது. வருஷம் 1939. அந்த வருஷம் ஐரோப்பாவில் வேறொருவரும் எல்லைகளை மாற்றிப் போட முடிவு செய்திருந்தார். யுத்தம் வந்தது, திட்டம் பரணுக்குப் போனது. ஹிட்லர் கெடுத்த காரியங்களின் பட்டியலில் டாலிஷ் பைபாஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசி வரியில்.

இன்னொரு வழியும் இருந்தது. எக்ஸிடரிலிருந்து வடக்கே சுற்றி, ஓக்ஹாம்டன் வழியாகப் பிளிமத் போகிற போட்டிக் கம்பெனியின் பழைய பாதை. கடல் வாசனையே படாத பாதை. டாலிஷில் உடைந்தால் அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். ஸ்பேர் டயர் மாதிரி. 1968-இல், நஷ்டத்தில் ஓடும் பாதைகளை எல்லாம் இழுத்து மூடிய சிக்கன அலையில், ஓக்ஹாம்டனுக்குத் தெற்கே அதையும் மூடிவிட்டார்கள். ஸ்பேர் டயர் சும்மாதானே டிக்கியில் கிடக்கிறது என்று காயலான் கடைக்குப் போட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஞ்சர் உடனே ஆகாது. கொஞ்சம் காலம் கொடுக்கும்.

நடுவில் ஒரு காமெடி. 21-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் ‘வாயேஜர்’ என்று புத்தம் புதிய, கம்ப்யூட்டர் மூளை வைத்த ரயில்கள் இந்தப் பாதைக்கு வந்தன. பிரேக் போடும்போது வருகிற மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கிற கருவிகளை டிசைன் செய்தவர்கள் அழகாகக் கூரை மேல் பொருத்தியிருந்தார்கள். கூரைதானே, மழை விழும், அதற்குப் பாதுகாப்பு செய்தாயிற்று. டாலிஷில் கூரை மேல் கடல் விழும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அலை ஏறி விழுந்தது, உப்புத் தண்ணீர் பட்டது, கம்ப்யூட்டர் பதறிப்போய் எல்லாவற்றையும் ஆஃப் செய்தது, ரயில் நட்டநடுவில் நின்றது. அதுவும் எங்கே? அடுத்த அலை விழுகிற இடத்தில். புரூனெலாவது கடலைத் தெரிந்தே தப்புக்கணக்குப் போட்டார். இவர்கள் கணக்கில் கடலே இல்லை!

2014 பிப்ரவரி தொடக்கத்தில் வட்டிக்காரர் நேரிலேயே வந்தார். இரவெல்லாம் அடித்த புயலில் டாலிஷில் சுமார் 80 மீட்டர் சுவர் காலி. விடிந்ததும் டிவி கேமராக்கள் காட்டிய காட்சி: நான் மேலே சொன்ன அதே கொடிக்கயிறு. தண்டவாளங்கள் கட்டைகளோடு காற்றில் தொங்க, கீழே வெள்ளை நுரை. பக்கத்து வீடுகளின் முன்பக்க மண்ணையும் கடல் அள்ளிக்கொண்டது. நல்லவேளையாக அந்த நேரம் அங்கே ரயில் எதுவும் இல்லை. பிளிமத்தும் அதற்கப்பால் உள்ள கார்ன்வால் மாவட்டம் முழுவதும் மற்ற இங்கிலாந்தோடு ரயில் தொடர்பு அறுந்து நின்றன. ஸ்பேர் டயர் எங்கே என்று எல்லோரும் டிக்கியைத் திறந்து பார்த்தார்கள்.

ஆரஞ்சு சட்டை போட்ட 300 பேர் இறங்கினார்கள். உடைப்புக்கு முன்னால் பழைய ஷிப்பிங் கண்டெய்னர்களைக் கற்களால் நிரப்பி, ஒன்றோடொன்று வெல்டிங் அடித்து, தற்காலிக அரண் போட்டார்கள். கெட்டிக்கார வேலை. கடலும் கொஞ்சம் அசந்துதான் போயிருக்க வேண்டும், பத்து நாள் யோசித்தது. பிப்ரவரி 14-ஆம் தேதி இரவு மறுபடி வந்து அரணையும் போட்டுப் பார்த்துவிட்டுப் போனது. காதலர் தினத்தன்று வேறு யாரைத் தேடிப் போகும்?

மறுபடி கட்டினார்கள். முடிகிற நேரம் பார்த்து மார்ச் மாதம் டெயின்மவுத் பக்கம் பாறை நகர ஆரம்பித்தது. 20 ஆயிரம் டன் செம்மண் தண்டவாளத்தை நோக்கி மெதுவாக இறங்கி வந்தது. தானாக விழக் காத்திருந்தால் எப்போது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் இவர்களே தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கரைத்து இறக்கினார்கள். ஒரு பக்கம் தண்ணீர் மண்ணைக் கரைக்காமல் இருக்க 300 பேர் சண்டை. கொஞ்ச தூரம் தள்ளி, தண்ணீரை விட்டு மண்ணைக் கரைக்க வேறு ஆட்கள் சண்டை. சம்பளம் இரு தரப்புக்கும் ஒரே கஜானா.

ஏப்ரல் 4-ஆம் தேதி பாதை திறந்தது. எட்டு வாரம், 35 மில்லியன் பவுண்டு. பிரதமர் கேமரூன் வந்து கைகுலுக்கினார். அப்புறம் இன்னும் 80 மில்லியன் செலவழித்து, பழைய சுவரைவிட உயரமாக, வருகிற அலையை வந்த வழியே திருப்பி அனுப்புகிற மாதிரி வளைந்த உச்சி வைத்து ஒரு புதுச் சுவர். 2023-இல் வேலை முடிந்தது. நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை என்கிறார்கள். தொப்பி மட்டும்தான் இல்லை, மற்றபடி புரூனெல் குரல் மாதிரியே இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், ‘அந்தப் பாதையை எடுத்துவிடலாமா?’ என்று டெவனில் போய்க் கேட்டுப் பாருங்கள். அடிக்க வருவார்கள். இங்கிலாந்திலேயே அழகான ரயில் பயணம் எது என்று கேட்டால் முதல் மூச்சில் வருகிற பெயர்களில் டாலிஷ் ஒன்று. புயல் எச்சரிக்கை வந்தால் ஜனங்கள் கேமராவோடு அங்கே கூடுகிறார்கள். ரயில் வர வேண்டும், அதே நொடியில் அலை எழும்பி அதன் தலையில் விழ வேண்டும், கிளிக்! மலைக்குள் பத்திரமாகப் போயிருந்தால் யார் எட்டிப் பார்ப்பார்கள்? தப்பான இடத்தில் கட்டினாலும் வியூ உள்ள இடமாகக் கட்ட வேண்டும் என்று ரியல் எஸ்டேட்காரர்களுக்கு முன்பே கண்டுபிடித்தவர் புரூனெல்.

அந்தக் காற்று ரயிலின் மிச்சம் ஒன்றும் அதே பாதையில், ஸ்டார்கிராஸ் என்ற ஊரில், ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. சிவப்புக் கல்லில் கட்டிய பம்ப் ஹவுஸ், தன் கோபுரத்தோடு. உள்ளே பம்ப் கிடையாது, தோல் கிடையாது. அதை இப்போது வைத்திருப்பது உள்ளூர் மீன்பிடி, படகோட்டிகள் கிளப். சனி ஞாயிறுகளில் வருவார்கள், படகை இறக்குவார்கள், பாய் விரிப்பார்கள். காற்று அடிக்கும், படகு போகும். குழாய் எதுவும் போடவில்லை.